நீலகிரி வழியாக ஒரு வணிக வழித்தடம்: மூன்று மாநில எல்லையில் எதைத் திட்டமிட வேண்டும்?

வயநாட்டில் ஆனக்காம்பொயில் – கள்ளாடி – மேப்பாடி சுரங்கச் சாலைப் பணி 2025 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதிலிருந்து கூடலூர், பந்தலூர் பகுதிகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. கேரளம் மலையைக் குடைந்து சாலை போடுகிறது. நம் பக்கத்திலோ இரவு 9 மணிக்கு மேல் முதுமலை வழியாக லாரி போக முடியாது, ஊட்டிக்கு வர இ-பாஸ் வேண்டும், கல்லட்டி மலைப்பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்கக் கூடாது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் நடுவில் இருந்து நமக்கு என்ன பயன்? சாலையை அகலப்படுத்தி இரவும் பகலும் திறந்துவிட்டால் வணிகம் வளராதா?

கேள்வி நியாயமானது. ஆனால் சுற்றுலா நெரிசல், வனவிலங்குப் பாதுகாப்பு, சரக்குப் போக்குவரத்து, உள்ளூர் மக்களின் அன்றாடப் பயணம் ஆகிய நான்கும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான், மாநில எல்லைகளைக் கடக்கும் போக்குவரத்து வழித்தடம் ஒன்றைத் திட்டமிடும்போது நீலகிரிக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பது தெளிவாகும்.

சாலை எப்போது வழித்தடம் ஆகிறது?

திட்ட ஆவணங்களில் ‘வழித்தடம்’ என்று குறிப்பிடப்படுவது வெறும் சாலை அன்று. இரு பெரிய உற்பத்தி மையங்களையோ, ஒரு துறைமுகத்தையும் அதன் பின்னுள்ள நிலப்பகுதியையோ இணைத்து, அந்த இணைப்பின் இரு பக்கத்திலும் தொழிலும் வேலையும் பெருகும்படி அமைக்கப்படும் ஏற்பாட்டையே அந்தச் சொல் குறிக்கிறது. மீகாங் ஆற்றுப் பகுதி நாடுகளை இணைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 1990களில் முன்வைத்த திட்டங்களுக்குப் பிறகு இந்தப் பார்வை ஆசியாவில் பரவலாயிற்று. அதை நான்கு அடுக்குகளாகப் புரிந்துகொள்ளலாம்.

1. தடம்: சாலை, பாலம், இருப்புப்பாதை, சுரங்கம் ஆகியவை. கண்ணுக்குத் தெரிவதும், தேர்தல் மேடைகளில் பேசப்படுவதும் இந்த அடுக்குதான்.

2. விதி: எந்த வண்டி, எவ்வளவு எடையுடன், எந்த நேரத்தில், எந்த வரியும் பெர்மிட்டும் கட்டி எல்லையைக் கடக்கலாம் என்பது. நல்ல சாலை இருந்தும் இந்த அடுக்கு சரியாக இல்லாமல் முடங்கிய வழித்தடங்கள் பல. வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் ஆகிய நாடுகள் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் மோட்டார் வாகன உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பூடான் நாடாளுமன்றத்தின் மேலவை அதை ஏற்காததால் நான்கு நாட்டுத் திட்டமாக அது நடைமுறைக்கு வரவில்லை. சிறிய மலை நாடு ஒன்று, பிற நாட்டு வண்டிகள் தன் சாலைகளையும் சுற்றுச்சூழலையும் என்ன செய்யும் என்று அஞ்சியதே அதற்குக் காரணம். நீலகிரியில் இருப்பவர்களுக்கு அந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

3. சேவை: கிடங்கு, குளிர்பதன அறை, லோடு ஏற்றி இறக்கும் ஆட்கள், பழுது பார்க்கும் பட்டறை, எல்லாவற்றுக்கும் மேலாக ரிட்டர்ன் லோடு. போகும்போது சரக்கும் வரும்போது காலியுமாக ஓடும் லாரியின் வாடகையில் இரு பக்கச் செலவும் சேர்ந்தே இருக்கும்.

4. உற்பத்தி: வழியில் உள்ள ஊர்களில் புதிதாக எழும் ஆலை, சந்தை, வேலை.

நான்காவது அடுக்கு இல்லாவிட்டால் அந்த ஊருக்குக் கிடைப்பது கடந்து செல்லும் லாரிகளின் புகை மட்டுமே. வியட்நாமின் தா நாங்கிலிருந்து லாவோஸ் வழியாகத் தாய்லாந்துக்குச் செல்லும் கிழக்கு–மேற்கு வழித்தடத்தில், நடுவில் இருக்கும் லாவோசுக்கு இந்தக் கவலை தொடக்கத்திலிருந்தே உண்டு. மூன்று மாநிலங்களின் நடுவில் இருக்கும் கூடலூரின் நிலையும் அதுவே.

எல்லையில் ஏற்கெனவே கரைந்துவிட்டவை

மாநில எல்லை என்றதும் சோதனைச் சாவடியில் நீளும் லாரி வரிசை நினைவுக்கு வருகிறது. அந்தக் காட்சியின் பெரும் பகுதி மறைந்துவிட்டது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்ததும் வணிக வரிச் சாவடிகள் நீக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையே 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் (சரக்குடன் செல்ல வேண்டிய மின்னணுச் சீட்டு) கட்டாயமாயிற்று. சாதாரண லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அந்தப் பில் செல்லும். வழியில் தாமதமானால், கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ முடிந்த 8 மணி நேரத்துக்குள்ளோ நீட்டித்துக்கொள்ளலாம். தேசிய பெர்மிட் உள்ள சரக்கு வண்டி மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி வரி கட்ட வேண்டியதில்லை.

ஆகவே, நாடுகளுக்கு இடையே பல ஆண்டுகள் பேசியும் கிட்டாத இரண்டாம் அடுக்கின் பெரும் பகுதி, நம் மூன்று மாநிலங்களுக்கு இடையே ஏற்கெனவே அமைந்துவிட்டது. எஞ்சியுள்ள தடைகளில் பெரியது நேரம். அதுதான் இரவுத் தடை.

இரவுத் தடை: என்ன, ஏன்?

கூடலூரிலிருந்து மைசூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலை 181 தொரப்பள்ளி, தெப்பக்காடு வழியாக முதுமலைப் புலிகள் காப்பகத்தைக் கடந்து, கக்கநல்லாவில் கர்நாடகத்துக்குள் நுழைந்து, பந்திப்பூர் வழியாகக் குண்டல்பேட்டையை அடைகிறது. கோழிக்கோட்டிலிருந்து சுல்தான் பத்தேரி, முத்தங்கா வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலை 766-உம் பந்திப்பூரைக் கடந்து அதே குண்டல்பேட்டையில் வந்து சேர்கிறது. இரு சாலைகளிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை உள்ளது. 2009-இல் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் பிறப்பித்த ஆணையாகத் தொடங்கிய இந்தத் தடையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2010 மார்ச்சில் உறுதி செய்தது. ஆம்புலன்சுகளுக்கும் அனுமதி பெற்ற சில அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு.

தடைக்கான காரணம் எளியது. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு ஆகிய நான்கு காடுகளும் ஒரே தொடர்ச்சி. 1986-இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் நடுப்பகுதி இது. யானையும் புலியும் காட்டெருமையும் இரவில்தான் அதிகம் நடமாடுகின்றன. முகப்பு விளக்கின் ஒளி கண்ணில் பட்டதும் மான் அசையாமல் நின்றுவிடும். அதற்குள் வண்டி மோதிவிடும். விபத்து மட்டுமே பிரச்சினை அன்று. இரவு முழுவதும் வண்டிகள் ஓடினால், சாலையின் இரு புறமும் உள்ள காடு விலங்குகளைப் பொறுத்தவரை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. சாலையைக் கடக்க முடியாத யானைக் கூட்டம் அடுத்துள்ள தோட்டத்துக்குள் புகுகிறது. கூடலூர், பந்தலூர் பகுதிகளில் யானை தாக்கி உயிரிழப்பவர்களில் பலர் விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். காட்டுச் சாலையில் ஓடும் லாரிக்கும் அந்தத் தொழிலாளியின் உயிருக்கும் உள்ள தொடர்பைத் திட்ட அறிக்கைகள் எழுதுவதே இல்லை.

வணிகத்துக்கு இந்தத் தடையால் எவ்வளவு பாதிப்பு? இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு. ஒன்பது மணி நேரம் மூடல் என்றால் வணிகமும் அந்த அளவுக்குக் குறையும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். எப்போது மூடும், எப்போது திறக்கும் என்பது மாறாமல் இருந்தால் வணிகர்கள் தங்கள் நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்கள். உண்மையில் கேடு செய்வது நிச்சயமின்மை: மழையில் விழுந்த மரம், மண்சரிவு, முன்னறிவிப்பில்லாத போக்குவரத்து மாற்றம், விடுமுறை நாளின் சுற்றுலா நெரிசல். ஊட்டியிலிருந்து மைசூருக்கு நான்கு மணி நேரம் என்று கணக்கிட்டுப் புறப்பட்ட வண்டி, கூடலூர் மலைப்பாதை நெரிசலில் சிக்கித் தொரப்பள்ளிக்கு 9.10 மணிக்கு வந்தால், அந்தப் பத்து நிமிடம் ஓர் இரவாகிவிடுகிறது. சாவடிக்கு முன்னால் சாலையோரம் நிற்கும் அந்த ஓட்டுநருக்கு, கழிப்பறையும் பாதுகாப்பான நிறுத்துமிடமும் உணவும் உள்ள ஓய்வு வளாகம் தடையின் இரு முனைகளிலும் இருந்திருக்க வேண்டும். தடையை அறிவித்தபோதே செய்திருக்க வேண்டிய வேலை இது.

மலைநாடுகளில் இரவுத் தடை அரிதும் அன்று. சுவிட்சர்லாந்தில் நாடு முழுவதும் இரவு 10 முதல் காலை 5 மணி வரை கனரக லாரிகள் ஓடக் கூடாது. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து செல்லும் வெளிநாட்டுச் சரக்கு, லாரியிலிருந்து ரயிலுக்கு மாற வேண்டும் என்று 1994-இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். 2001 முதல் கனரக வண்டிகளுக்குத் தூரத்துக்கும் எடைக்கும் ஏற்பக் கட்டணம் விதித்தார்கள். 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு ரயில் சுரங்கத்தை 2016-இல் திறந்தார்கள். 2000-இல் ஆண்டுக்கு 14 இலட்சமாக இருந்த ஆல்ப்ஸ் கடக்கும் லாரிகளின் எண்ணிக்கை பின்னர் 10 இலட்சத்துக்குக் கீழே இறங்கியது. அங்கே தடையோடு மாற்று வழியும் வந்தது. இங்கே தடை மட்டும் வந்தது.

உண்மையான வழித்தடம் மலையைச் சுற்றிச் செல்கிறது

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கோவையிலிருந்து மைசூருக்கு நீலகிரி வழியாகச் செல்லும் லாரி ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏறி, பிறகு கூடலூருக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். குன்னூர்ப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளை எவ்வளவு அகலப்படுத்தினாலும் அந்த ஏற்றம் குறையாது. டீசலும் பிரேக்கும் நேரமும் வீணாகும்.

அதே வேளையில், மலைக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. கொச்சி, பாலக்காடு, கோவை, சேலம் என்று தேசிய நெடுஞ்சாலை 544-உம் ரயில் பாதையும் அந்தத் தாழ்வான நிலத்திலேயே செல்கின்றன. சென்னை – பெங்களூரு தொழில் வழித்தடத்தைக் கோவை வழியாகக் கொச்சி வரை நீட்டிக்கும் திட்டமும் அதே கோட்டில்தான் அமைகிறது. பாலக்காட்டில் தொழில் நகரம் அமைக்க ஒன்றிய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 28 அன்று ஒப்புதல் அளித்தது. தென்னிந்தியாவின் மேற்குக் கரைத் துறைமுகத்தையும் உள்நாட்டு ஆலைகளையும் இணைக்கும் வழித்தடம் அதுதான். இயற்கை அமைத்துக் கொடுத்த பாதையை விட்டுவிட்டு மலைமேல் இன்னொரு கனரக வழித்தடம் கேட்பது நீலகிரிக்கு நன்மை தராது என்பது என் உறுதியான கருத்து.

வடகிழக்கில் இன்னொரு பாதை உண்டு. சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் வழியாகச் சாமராஜநகர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 948. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. மானந்தவாடியிலிருந்து பாவலி வழியாக மைசூரு செல்லும் நாகரஹொளேக் காட்டுச் சாலையும் இரவில் மூடப்படுகிறது.

இந்த நான்கு காட்டுப் பாதைகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. இந்தத் தடைகள் ஒரே முடிவில் வந்தவை அல்ல; வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு மாநிலங்களின் உத்தரவுகளால் வந்தன. ஒன்றை மூடினால் அதன் வண்டிகள் அடுத்ததற்குப் போகும். ஒன்றைத் தளர்த்தினால் மற்ற மூன்றிலிருந்தும் அங்கே வந்து குவியும். நான்கையும் சேர்த்து முடிவெடுக்கும் அமைப்பு எதுவும் இல்லாததே எல்லைத் திட்டமிடலின் பெருங்குறை.

வயநாட்டுச் சுரங்கம் திறந்த பிறகு

சுரங்கச் சாலை முடிந்தால், தாமரச்சேரி மலைப்பாதையின் ஒன்பது வளைவுகளில் காத்திருக்காமல் கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து வண்டிகள் நேரே மேப்பாடிக்கு ஏறிவிடும். பேச்செல்லாம் இதோடு நின்றுவிடுகிறது. மேப்பாடியிலிருந்து அவை எங்கே போகும்?

ஒரு பகுதி சுல்தான் பத்தேரி, முத்தங்கா வழியாக மைசூரு நோக்கிச் செல்லும். இன்னொரு பகுதிக்கு வடுவஞ்சால், சேரம்பாடி, பந்தலூர், நாடுகாணி, கூடலூர் என்ற பாதை திறந்திருக்கிறது. ஊட்டிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு அது இயல்பான வழி. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து செல்லும் இந்தச் சாலையில்தான் பச்சைத் தேயிலை ஏற்றிய பிக்கப்பும், பள்ளிப் பிள்ளைகளும், விடியற்காலையில் யானையும் நடக்கின்றன. நெரிசலின் இடுக்கு தாமரச்சேரியிலிருந்து சேரம்பாடிக்கு இடம் மாறும். அந்த நாளுக்கான போக்குவரத்துக் கணக்கெடுப்பைத் தமிழ்நாடு இப்போதே தொடங்க வேண்டும். சுரங்கம் திறந்த பின் எடுக்கும் கணக்கு தாமதமான கணக்கு.

மண்ணின் தன்மையையும் மறக்க முடியாது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைக் கிராமங்களை அழித்த நிலச்சரிவு இதே மேப்பாடிப் பகுதியில் நடந்தது. நீலகிரியில் 2009 நவம்பரில் நடந்த சரிவுகளும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையும் நினைவில் நிற்பவை. செங்குத்துச் சரிவை வெட்டி சாலையை அகலப்படுத்தும் ஒவ்வொரு மீட்டரும் மழைக்காலத்தில் விலை கேட்கும்.

இ-பாஸ் வேறு விஷயம்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் கோடைக்கால உச்சவரம்பாக நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் விதிக்கப்பட்டது. டிஎன் 43 பதிவுள்ள உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் வேளாண் பொருட்களும் அத்தியாவசியச் சரக்கும் ஏற்றிய வண்டிகளுக்கும் இந்த வரம்பு இல்லை. ஆகவே இ-பாஸ் சரக்குக்குத் தடை என்று சொல்வது சரியன்று. சாலையில் கார்கள் குறைந்தால் கேரட் வண்டி சீக்கிரம் இறங்கும்.

நீலகிரி விற்பதும் வாங்குவதும்

கேத்தி பாலாடா பக்கம் இரவோடு இரவாகக் கேரட்டை அறுத்து, இயந்திரத்தில் மண் போகக் கழுவி, மூட்டை கட்டி, பொழுது விடியும்போது மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கிவிடுகிறார்கள். அங்கே ஏலம் போன காய்கறி கேரளத்துக்கும் சமவெளிக்கும் பிரிகிறது. தேயிலைத் தூள் குன்னூர் ஏலத்தில் விற்று, ஏற்றுமதிக்குக் கொச்சித் துறைமுகம் நோக்கிப் போகிறது. மேலே ஏறுவது அரிசி, சிமென்ட், உரம், மளிகை.

இந்த வணிகத்தின் பெரும் பகுதி மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் பாலக்காட்டு வழித்தடத்தோடு சேர்கிறது. நீலகிரி விவசாயிக்குத் தேவைப்படுவது அந்த வழித்தடத்தின் வாசலான மேட்டுப்பாளையத்தில் போதிய குளிர்பதனக் கிடங்கு, விலை வீழ்ந்த நாளில் இரண்டு வாரம் சரக்கை வைத்திருக்கும் வசதி, ஏறி வரும் லாரிக்கு நிச்சயமான ரிட்டர்ன் லோடு. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்த பல்சக்கர ரயில் சரக்குக்கு உதவாது. நிலம்பூர் – நஞ்சன்கூடு ரயில் பாதை நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. அதுவும் இதே காட்டைக் கடக்க வேண்டியதுதான்.

கூடலூரின் கணக்கு வேறு. அங்கிருந்து மருத்துவத்துக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் மக்கள் சுல்தான் பத்தேரி, நிலம்பூர், கோழிக்கோடு என்று கேரளப் பக்கமே அதிகம் போகிறார்கள். இரவுத் தடை கர்நாடகத் திசைக்கு மட்டுமே உரியது. நாடுகாணி வழியாக வழிக்கடவுக்கு இறங்கும் மலைப்பாதை இரவிலும் திறந்திருக்கிறது. நோயாளி ஏறிய ஆம்புலன்ஸ் அந்தப் பாதையின் குழிகளில் தடுமாறுவதைவிட அவசரமான எல்லைப் பிரச்சினை எனக்குத் தெரியவில்லை.

நாட்டு எல்லையையும் இந்த மலை அறியும். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தன. உள்நாட்டுப் போரால் அந்தக் கப்பல் நின்றதும், அக்கரையில் இருந்த உறவுகளுக்குப் போக விமானம் ஒன்றே வழியாயிற்று. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் – காங்கேசன்துறை படகு தொடங்கியபோது அதைத் துறைமுகச் செய்தியாக மட்டும் படித்தவர்கள் உண்டு. தாயகம் திரும்பியோர் குடியிருப்புகளில் அது குடும்பச் செய்தி.

திட்ட அறிக்கை வரும்போது கேட்க வேண்டியவை

1. எந்தச் சரக்கு, எங்கிருந்து எங்கே? ‘வணிகம் பெருகும்’ என்ற வரி போதாது. நீலகிரியில் ஏறும், இறங்கும் சரக்கு எவ்வளவு, வெறுமனே கடந்து போகும் சரக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது பங்கு பெரியதானால் அதைப் பாலக்காட்டுக் கணவாய்க்குத் திருப்புவதற்கான கட்டணமும் அதே அறிக்கையில் இருக்க வேண்டும்.

2. நான்கு காட்டுப் பாதைகளுக்கும் ஒரே நேர அட்டவணை உண்டா? திறக்கும் நேரம், அனுமதிக்கும் எடை, ஆம்புலன்ஸ் விதி, ஓய்வு வளாகம் எல்லாம் மூன்று மாநிலங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

3. யானைக்கு என்ன வழி? சீகூர்ப் பீடபூமியின் யானை வழித்தடத்தை உறுதி செய்து 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, இதை இறுதிப் பக்கத்தில் ஒரு பத்தியாக எழுதிவிட்டுப் போக முடியாது. விலங்குகள் கீழே கடந்து செல்லும்படி உயர்த்திக் கட்டும் சாலைப் பகுதிகள் பற்றிப் பேசுவோர், கட்டுமானக் காலத்தில் அந்தக் காடு எத்தனை ஆண்டு இயந்திரங்களைத் தாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

4. பேருந்து எங்கே? மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு, மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்து எல்லை கடக்கும் பேருந்துகளையும் வழிகளையும் பகிர்ந்துகொள்ள இடமளிக்கிறது. கூடலூர் – சுல்தான் பத்தேரி, பந்தலூர் – கல்பெட்டா, சேரம்பாடி – மேப்பாடி போன்ற குறுகிய தடங்களில் இரு மாநில அரசுப் பேருந்துகளும் கூடுதல் நடை ஓட, கோடிகள் தேவையில்லை. இரண்டு போக்குவரத்துத் துறைகள் கையெழுத்திட்டால் போதும். 1956-ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின்படி அமைந்த தென் மண்டலக் குழுவில் மூன்று மாநில முதலமைச்சர்களும் உறுப்பினர்கள். எல்லைப் போக்குவரத்து அந்தக் குழுவின் வரம்புக்குள் சட்டப்படியே வருகிறது. சுரங்கம் திறக்கும் முன் அதன் கூட்டத்தில் இந்தத் தடங்களை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கத் தமிழ்நாடு கோரலாம்.